ஞானக்கனி எடுத்த வாக்குத்தத்தம்

ஞானக்கனியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. தெரிந்துதான் எழுதுகிறேன். வேறு யாராவது எழுதினால் அவளைப் பக்திமதி ஆக்கிவிடுவார்கள், இல்லாவிட்டால் பைத்தியக்காரி ஆக்கிவிடுவார்கள். அவள் இரண்டும் இல்லை. மும்பை தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில், கீழே ஓர் அறை, ஏணி வைத்து ஏறினால் மேலே ஓர் அறை என்று இருக்கிற வீட்டில் இருபத்தாறு வருஷமாகக் குடியிருக்கிறவள். வயது ஐம்பத்திரண்டு. நாசரேத் பக்கத்துக்காரி. அவள் புருஷன் தங்கையா தோல்பை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தான். ஒரே மகள் ஹெப்சிபா கல்யாணமாகி நெருளில் இருக்கிறாள்.

என் பெயர் அருமைநாயகம். டிராம்பேயில் ஒரு தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் சபைக்குப் பதினொரு வருஷம் செயலாளராக இருந்தேன். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். மைக் கரகரத்தால் என்னைப் பார்ப்பார்கள். மின்விசிறி நின்றால் என்னைப் பார்ப்பார்கள். ஐயர் பிரசங்கத்தை நீட்டினாலும் என்னைத்தான் முறைப்பார்கள். போதகரை ஐயர் என்று கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். தமிழ்ப் பிராமணர்கள் குடியிருக்கிற மாட்டுங்காவில் போய் அப்படிச் சொன்னால் வேறு யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

ஞானக்கனி தினமும் காலையில் அந்த மாட்டுங்காவுக்குத்தான் நடந்து போவாள். பஞ்சாபகேசன் என்ற ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியின் மனைவி அபயாம்பாள் ஏழு வருஷமாகப் படுக்கையில். அந்த அம்மாளைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்க வைத்து, கஞ்சி புகட்டிவிட்டு மத்தியானம் திரும்புவாள். முதுகில் ஒரு புண் வரவிட்டதில்லை. இதைப் பஞ்சாபகேசனே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவள் காத்திருக்கிற விதமே தனி. எல்லோரும் ஜெபம் பண்ணுவோம், கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் சித்தம் என்று விட்டுவிடுவோம். அவள் ஜெபம் பண்ணிய கையோடு ஏற்பாட்டையும் பண்ணிவிடுவாள். வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் வேண்டும் என்று ஜெபம் பண்ண ஆரம்பித்த வாரமே நீல நிறத்தில் பெரிய டிரம் ஒன்றை வாங்கிவந்து மூலையில் வைத்தாள். குழாய் வரவில்லை. டிரம்மில் போர்வைகளைத் திணித்து வைத்தாள். சந்தில் எல்லோருக்கும் சிரிப்பு. "என்னட்டி, டிரம்முல தண்ணி நெறஞ்சிட்டா?" என்று கேட்பார்கள். "வரும், வரும். அவசரப்பட நாம என்ன ரயிலா ஏறப் போறோம்?" என்பாள். நாலு வருஷம் கழித்துக் குழாய் வந்தது. போர்வைகளை எடுத்து வெளியே போட்டுவிட்டு டிரம்மைக் கழுவினாள். கவுன்சிலர் தேர்தல் வந்தது, அதனால் குழாய் வந்தது என்று நான் சொன்னேன். "தேர்தல யாரு அனுப்புனா?" என்றாள். இவளிடம் யார் பேசி ஜெயிப்பது!

இப்போது அந்தச் சீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஜனவரி முதல் தேதி எங்கள் சபையில் வாக்குத்தத்தம் எடுப்போம். சின்னச் சின்ன அட்டைகளில் வீட்டுக்கொரு வசனம். தட்டில் கவிழ்த்துப் போட்டிருக்கும். வீட்டுக்கு ஒருவராக வந்து கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் உன் வீட்டுக்குச் சொல்கிற வார்த்தை அதுதான். அச்சடித்த தாளை வாங்கிவந்து கத்தரியால் நறுக்குகிறவன் நான். நானூறு சீட்டு. பதினொரு வருஷம் நறுக்கியிருக்கிறேன், கோபமான வசனம் ஒன்றுகூட என் கையில் பட்டதில்லை. வேதத்தில் கோபத்துக்கா பஞ்சம்? ஆனால் தட்டுக்கு வருவதெல்லாம் ஆசீர்வாதம்தான். காசு கொடுத்துச் சாபத்தை யார் அச்சடிப்பார்கள்? இதையெல்லாம் யோசித்து யோசித்து எனக்கு அந்தச் சீட்டில் நம்பிக்கை போயே போய்விட்டது. தட்டை மட்டும் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நவம்பரில் தங்கையாவுக்கு நெஞ்சுவலி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். இருதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் ஆபரேஷன்தான் வழி என்றார்கள். வரிசையில் நின்றால் ஆறு மாதம் ஆகும். பஞ்சாபகேசன் தனக்குத் தெரிந்த ஒரு டாக்டரைப் பிடித்து, அவர் இன்னொருவரைப் பிடித்து, ஜனவரி ஒன்பதாம் தேதிக்கு இடம் வாங்கிக் கொடுத்துவிட்டார். அந்த மனுஷனுக்கு அதற்கு ஒரு அவசியமும் கிடையாது.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் நான் எங்கள் வேதக்கோயிலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது தங்கையா வந்தான். வந்தவன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணாச்சி, எனக்குப் பயமா இருக்கு. நெஞ்சப் பொளந்து இருதயத்த நிப்பாட்டி வச்சிட்டு வேல பாப்பாங்களாம். நிப்பாட்டுனது திரும்ப ஓடலன்னா?"

"ஓடும்ல. தினம் எத்தன பேருக்குப் பண்ணுதாங்க."

"நான் போகலன்னு சொல்லிரட்டுமா?"

"மடையா, போகலன்னா செத்துருவ" என்று அதட்டினேன். அவன் இன்னும் அழுதான். தோல் பசை காய்ந்து கருத்துப்போன விரல்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான். எனக்கு மனசே சரியில்லை. இந்தப் பயந்தாங்கொள்ளி ஒன்பதாம் தேதி கட்டிலில் ஏறமாட்டான் என்று தோன்றியது.

அன்று வீட்டில் சீட்டு நறுக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. நீ சாகமாட்டாய், பிழைத்திருந்து நான் செய்ததை எல்லோருக்கும் சொல்லுவாய் என்ற கருத்துள்ள வசனம். அதைத் தனியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆராதனையில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். தங்கையா வீட்டில் எப்போதும் ஞானக்கனிதான் எடுப்பாள். அவள் கண்ணை மூடித் தட்டுக்கு மேலே கையைக் கொண்டு வந்தாள். நான் கட்டைவிரலுக்கு அடியில் வைத்திருந்த அந்தச் சீட்டை அவள் விரலில் முட்டும்படி தள்ளினேன். எடுத்துக்கொண்டாள். ஐயர் பக்கத்தில்தான் நின்றார், அவருக்கே தெரியவில்லை. ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு அடுத்தவருக்குத் தட்டை நீட்டினேன். தைரியமாக ஆபரேஷன் தியேட்டருக்குள் போவான், அவ்வளவுதானே என் கணக்கு!

ஹெப்சிபாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சீட்டை எழுத்தெழுத்தாக வாசித்தாள். ஞானக்கனி வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கையா எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிவிட்டான். பின்வரிசைவரை ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று ஒரே சத்தம். எனக்கும் கண் கலங்கிற்று.

மூன்றாம் தேதி ஹெப்சிபா போன் பண்ணினாள். "அங்கிள், நீங்க வந்து பேசுங்க. மம்மி ஆபரேஷன் கேன்சல்னு சொல்றாங்க. பாகல் ஹோ கயி ஹை."

அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாம். ஓடினேன். தங்கையா சப்பாத்தியும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு வாரமாக இல்லாத தெளிவு. ஞானக்கனி எனக்கும் ஒரு தட்டை எடுத்து வைத்தாள்.

"சாகமாட்டன்னு அவரே சொன்ன பொறவு கத்தி எதுக்கு அண்ணாச்சி?" என்றாள்.

"ஏ, ஆபரேஷன் பண்ணிப் பொழப்பான்னு அர்த்தமா இருக்கலாம்லா?"

"அப்படின்னா ஆபரேஷன்னு ஒரு வார்த்த போட்டிருப்பாரு. அவரு கையில மையா இல்ல?"

"ஞானக்கனி, வெளையாடாத."

"வெளையாடல. ரெண்டு பேரையும் நம்பிக்கிட்டு நிக்க முடியாது. கட்டில்ல ஏறுனா, அவரு சொன்னத நம்பலன்னு ஆயிரும்லா?"

என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சீட்டைத் தள்ளினது ஆண்டவர் இல்லை, இந்த அருமைநாயகத்தின் கட்டைவிரல் என்று ஒரு வாக்கியம். சொன்னால் செயலாளர் பதவி போகும். சந்துக்குச் சந்து காறித் துப்புவார்கள். மீன்குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். சே!

ஒன்பதாம் தேதி வந்தது, போயிற்று. பஞ்சாபகேசன் கொதித்துப்போனார். "ஏம்மா, நான் எத்தனை பேர்கிட்ட பல்லை இளிச்சு வாங்கின டேட் தெரியுமோ? ஒரு அட்டையைப் பார்த்துட்டு விட்டுடுவாளா யாராவது?" என்று கத்தினாராம். அவள் அபயாம்பாளுக்குத் தலை வாரிக்கொண்டே, "கோவப்படாதீங்க சார், அவரு நல்லாயிருவாரு" என்றாளாம். இதை அவளே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், தங்கையா நிஜமாகவே தேறினதுபோல் தெரிந்தான். பயம் போனதும் தூக்கம் வந்தது, பசி வந்தது. மாட்டுங்காவரை நடந்து போய் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு சபைக்கு முன்னால் நின்று சாட்சி சொன்னான். நான்தான் அவன் உயரத்துக்கு மைக்கைச் சரிபண்ணிக் கொடுத்தேன். ஆண்டவர் எனக்கு வாக்குக் கொடுத்தார், நான் கத்தியை நம்பவில்லை என்று அவன் சொல்லச் சொல்ல ஜனங்கள் கை தட்டினார்கள். ஐயர் மட்டும் கூட்டம் முடிந்து அவனைத் தனியே கூப்பிட்டு, "மருந்தை விட்டுராதே. டாக்டரையும் போய்ப் பாரு" என்றார். தலையை ஆட்டினான். மாத்திரை எடுப்பதை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது என்று பிறகு தெரிந்தது.

மார்ச்சில் அவன் கால் வீங்கிற்று. ஏணியில் நாலு படி ஏறி, உட்கார்ந்து, மறுபடி நாலு படி ஏறினான். அதைப் பார்த்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் மத்தியானம் ஞானக்கனி வேலை முடித்து வருகிற நேரம் பார்த்து வழியில் நின்றேன். மீன்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தவளைத் தள்ளி நிறுத்திச் சொன்னேன். முப்பத்தொன்றாம் தேதி அவன் அழுதது, நான் சீட்டைப் பையில் போட்டது, கட்டைவிரல், எல்லாம்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"ஐயரு சொல்லி அனுப்புனாரா? இல்ல ஹெப்சிபாவா?"

"யாரும் சொல்லல. நெசம்."

"அவரை எப்படியாவது ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு உங்க பேரையே கெடுத்துக்கிடப் பாக்கிய. உங்க நல்ல மனசு எனக்குத் தெரியாதா அண்ணாச்சி?"

"ஏ, ஆண்டவர்மேல ஆணையா..."

சட்டென்று கையை நீட்டி என்னை நிறுத்தினாள். "ஆணையிடாதிய. பொய்க்கு ஆணையிட்டா பெரிய பாவம்." மீனைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

தங்கையாவிடம் நேரே போயிருக்கலாம். ஐயரிடம் சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அதே மைக்கைப் பிடித்து சபைக்கு முன்னால் சொல்லியிருந்தால் அவள் நம்பித்தான் ஆக வேண்டும். நான் ஒன்றும் செய்யவில்லை. சொல்ல வேண்டியவளிடம் சொல்லியாயிற்று, அவள் நம்பவில்லை, நான் என்ன செய்ய என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் நம்பாதது எனக்கு வசதியாகப் போயிற்று.

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவிவிட்டு வந்த தங்கையா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது ஞானக்கனி அழவில்லை. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் அவன் செருப்பைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தாள். துவைத்த சட்டை ஒன்றை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. அவன் எழுந்திருப்பான் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

மறுநாள் பத்து மணிக்கு அடக்கம் என்று ஐயர் சொன்னார். "சாயங்காலமா வச்சிக்கிடலாம் ஐயரே" என்றாள். ஐயர் சரி என்றார். வெயில் கொளுத்திற்று. தகரக் கூரை வீடு. ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது, அவள் துணியால் ஒற்றிப் பிழிந்துகொண்டே இருந்தாள். மூன்று மணி ஆனது. ஹெப்சிபா அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "மம்மி, பஸ் கரோ, போதும். பப்பா போயிட்டாரு மம்மி" என்று கத்தினாள்.

"இன்னும் நேரம் இருக்குட்டி" என்றாள் ஞானக்கனி.

சிவ்ரி கல்லறைத் தோட்டத்தில் குழியில் இறக்கும்வரை அந்தச் சட்டையைக் கையில் வைத்திருந்தாள். முதல் பிடி மண் விழுந்தது. கடைசிப் பிடியும் விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு மாதம் அவள் கோயிலுக்கு வரவில்லை. மாட்டுங்கா வேலைக்கு மட்டும் போய் வந்தாள். அபயாம்பாளைப் புரட்டிப் படுக்க வைக்க வேறு ஆள் கிடையாது. நான் சந்துமுனைவரை போவேன், திரும்பி வந்துவிடுவேன். ஜூனில் மழை பிடித்த ஒரு சனிக்கிழமை, மறுநாள் ஆராதனைக்காகக் கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அவள் வந்தாள். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, மீன்காரிகிட்ட நிக்கையில ஒண்ணு சொன்னியள்லா. அது மெய்தானா?"

விளக்குமாறு கையில் இருந்தது. எனக்கு அப்போது ஒன்று நன்றாக விளங்கிற்று. இல்லை, அது பொய், அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்காகச் சொன்னது என்று நான் சொன்னால், ஆண்டவர் வாக்குக் கொடுத்துவிட்டுக் கைவிட்டுவிட்டார் என்று ஆகும். மெய் என்று சொன்னால், இவள் தன் புருஷனை ஒரு பிட்டரின் கட்டைவிரலை நம்பிப் பறிகொடுத்தாள் என்று ஆகும். எதைச் சொன்னாலும் இவள் தலையில்தான் விடியும்.

"மெய்தான்" என்றேன். "நான்தான் வச்சேன்."

பெருமூச்சு விட்டாள். பாரம் இறக்கின மாதிரிதான் இருந்தது. "அப்ப அவரு பொய் சொல்லல" என்றாள்.

பிறகு அவள் முகம் கோணிற்று.

"அப்ப அவரு ஒண்ணுமே சொல்லல" என்றாள்.

நான் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "நான்தான் கொன்னேன் தாயி. என்னைய ரெண்டு அடி அடி, செருப்பக் கழட்டி அடி" என்று அழுதேன்.

"நீங்க சீட்டத்தான் வச்சிய. டேட்ட விட்டது நான்" என்றாள். கோபமே இல்லை குரலில். கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். குற்றத்தில் எனக்கு ஒரு பங்குகூடத் தராமல் முழுவதையும் எடுத்துக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே ஐயரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சபையில் சொல்ல வேண்டாம், ஜனங்கள் உடைந்துபோவார்கள் என்றார். செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். உடம்பு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

மறு ஞாயிறு முதல் ஞானக்கனி கோயிலுக்கு வர ஆரம்பித்தாள். வருவாள், உட்காருவாள், எல்லோரும் எழுந்தால் எழுந்து நிற்பாள். பாட்டுக்கு வாய் அசையாது. ஜெபத்தில் கண்ணை மூடமாட்டாள். திறந்த கண்ணோடு பீடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருதரம் ஹெப்சிபா என்னிடம் கேட்டாள்: "மம்மிக்கு நம்பிக்கை இல்லன்னா எதுக்கு அங்கிள் வர்றாங்க? நெருளுக்கு என்கூட வந்துருங்கன்னா அதுவும் மாட்டேங்கறாங்க." எனக்கு என்ன தெரியும்? நான் ஏன் போகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

இந்த வருஷம் ஜனவரி முதல் தேதி ஐயரே தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சீட்டையும் அவரே நறுக்கியிருந்தார், கோணல் கோணலாக. ஞானக்கனி வரிசையில் வந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு ஆள் தள்ளி நான் நின்றேன். அவள் எழுந்து வரிசைக்கு வந்ததே எனக்கு ஆச்சரியம். எடுக்கப்போகிறாள், எடுத்துவிட்டால் என் பாவத்தில் ஒரு சுமை குறையும் என்றுகூட நினைத்தேன், வெட்கங்கெட்டவன்.

தட்டுக்கு முன்னால் நின்றாள். கையை நீட்டவில்லை.

"எடும்மா. புது வருஷம்" என்றார் ஐயர் மெதுவாக.

"வேண்டாம் ஐயரே" என்றாள். மெதுவாகச் சொல்லவில்லை. பாதிக் கோயிலுக்குக் கேட்டிருக்கும். "எனக்கு ஏதாவது சொல்லணும்னா அவரே வந்து சொல்லட்டும். நான் வீட்டுலதான் இருக்கேன்."